கொட்டுச் சத்தத்துக்கு அச்சாரம்

ஏங்கண்ணு, இன்னும் வெளிய வராத கேமுக்கு 5,000 ரூபாயை முன்னாடியே கட்டிப்போட்டியாமா? உங்கம்மா சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டா. நான் அவளைத்தான் வஞ்சன். பையன் தெளிவாத்தான் இருக்கறான், நீ சும்மா இரும்மான்னன். கடையில சரக்கு தீந்துருமோன்னு பயப்படறவன் அச்சாரம் குடுப்பான், அது ஊரு வழக்கம். இது கம்பி வழியா வர்ற சரக்கு. கோடிப் பேரு வாங்குனாலும் ஒரு பொட்டு கொறையாது. தீராத சரக்குக்கு மொத ஆளா வரிசையில நிக்கறதுக்குன்னு ஒரு தனி மூளை வேணுமல்ல? அது உனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னுதான் ரவைக்கெல்லாம் யோசிச்சுட்டுக் கெடந்தன். எங்க வம்சத்துல அப்படி ஆரும் கெடையாது. உங்கப்பன் வழியாத்தான் வந்திருக்கோணும்.

முன்னாடியே கட்டுனதுக்குக் கதாநாயகனுக்கு ஒரு செவப்புச் சட்டை சும்மாக் குடுத்தானாமா. நல்லதாப் போச்சு. தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த சட்டையை நீ ஒரு நாளாச்சும் போட்டிருக்கியா?

கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு கேப்ப. நெசந்தான், ஒண்ணும் தெரியாது. ஆனா நீ லீவுக்கு வந்து கட்டல்ல மல்லாந்துக்கிட்டுப் பேசற பழமையெல்லாம் இந்தக் காதுலதான் விழுகுது. நீ தூங்குனதுக்கப்பறம் உன்ற போன்ல யூடியூப்காரன் எனக்கும்தான் பேசறான். அப்பறம், கால் தேயத் தேயக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவன் நான். பல்லைப் புடிச்சுப் பாக்காம, சுழி பாக்காம, பத்தடி நடக்க உட்டுப் பாக்காம எந்த மாட்டுக் கயித்தையும் கையில வாங்குனதில்லை. தரகன் கொம்புக்கு எண்ணெய் தடவிச் சலங்கை கட்டி நிறுத்துவான். அந்தச் சலங்கைக்குத்தான் நீங்க ட்ரெய்லர்னு பேரு வெச்சிருக்கீங்க. சலங்கை கறக்காது சாமி.

அமெரிக்காவுல ஜான் ரொமேரோன்னு ஒருத்தன். லேசுப்பட்ட ஆளில்லை, 1993-ல வந்த 'டூம்' கேமைப் பண்ணுன கூட்டத்துல தலைக்கட்டு. கூட்டாளிகளோட ஒத்து வராமப் பிரிஞ்சு, அயன் ஸ்டார்ம்னு புதுக் கம்பெனி தொடங்குனான். டாலஸ் ஊர்ல 55 மாடிக் கட்டடம், அதோட உச்சாணியில, கண்ணாடிக் கூரை போட்ட ஆபீசு. 'டைக்கட்டானா'ன்னு ஒரு கேம் வருதுன்னு 1997-ல பத்திரிகையில விளம்பரம் போட்டாங்க. செவப்புக் காயிதத்துல கறுப்பு எழுத்து. கேமோட படம் ஒண்ணுகூட இல்லை. ரொமேரோ உன்னை என்னமோ பண்ணப் போறான்னு ஒரு வார்த்தை, அதை நான் சொல்லமாட்டன், பொம்பளைங்க பொழங்கற வீடு இது. காசு குடுக்கப் போறவனையே வஞ்சு விளம்பரம் போட்டவனை நான் எந்தச் சந்தையிலயும் கண்டதில்லை.

அந்த வருசம் கிறிஸ்துமசுக்கே வந்துரும்னான். நடுவுல, பழைய கூட்டாளிக பண்ணுன 'குவேக்' ரெண்டாம் பாகத்தைப் பாத்துப்போட்டு, அடடா நம்ம எஞ்சின் பழசாப் போச்சேன்னு எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி பூட்ட ஆரம்பிச்சான். ஆபீசுல இன்னொரு கூத்து. கண்ணாடிக் கூரையில வெயில் எறங்கி, கம்பியூட்டர்த் திரையில ஒரு எழவும் தெரியலையாமா. வேலைக்காரங்க தலைக்கு மேல கறுப்புத் துணி கட்டிக்கிட்டு அதுக்குள்ள உக்காந்து வேலை பாத்தாங்க. நம்மூர்ல கூரை போடறது வெயில் உள்ள வராம இருக்க. அவங்க வெயில் வர்ற மாதிரிக் கூரை போட்டு, அதுக்கடியில கூடாரம் அடிச்சாங்க. படிச்சவங்க.

2000-ம் வருசம் மே மாசம் கேம் வந்துச்சு. உலகத்தைப் பொரட்டற வீரன்னு காசு குடுத்தவன் உள்ள போனா, மொதல்ல சண்டைக்கு வந்தது தவக்களையும் கொசுவும். பொய்யில்லை, இரும்புத் தவக்களை, இரும்புக் கொசு. தொணைக்குன்னு ரெண்டு பேரைக் குடுத்தான் பாரு, அதுதான் பெரிய கெரகம். கதவிடுக்குல போயி நிப்பாங்க, வழியை மறிப்பாங்க, நீ சுடற குண்டுக்குக் குறுக்க வருவாங்க. அவங்க செத்தா ஆட்டம் முடிஞ்சுது, நீ தோத்த. எதிரியை உட்டுப்போட்டுத் தொணைக்கு வந்தவனைக் காப்பாத்தறதே பொழப்பாப் போச்சு.

அதே கம்பெனிக்கு 300 கிலோமீட்டர் அக்கட்டால ஆஸ்டின் ஊர்ல ஒரு கெளை. அங்க வாரன் ஸ்பெக்டர்னு ஒரு ஆளு. பெரிய ஆபீசு அலும்புல எல்லாரும் மயங்கிக் கெடக்கறப்ப, இவங்க ஓரமா உக்காந்து 'டியஸ் எக்ஸ்'னு ஒண்ணைப் பண்ணுனாங்க. டைக்கட்டானா வந்த மறு மாசம் வெளிய வந்துச்சு. பூட்டுன கதவை நீ ஒடைச்சும் போலாம், சாவி திருடியும் போலாம், கம்பியூட்டரை ஏமாத்தியும் போலாம், காத்தோட்டக் குழாய்ல ஊந்தும் போலாம். நீ எப்படிப் போனாலும் அந்தக் கேம் உன்ற பின்னால வருது. கால் நூத்தாண்டு ஆச்சு, இன்னைக்கும் நல்ல கேம்னு பட்டியல் போடறவன் அதை உட்டுட்டுப் போட மாட்டான். ஒரே கம்பெனி, ஒரே மொதலாளி காசு. ஆனா அச்சாரம் வாங்குற மாதிரிக் கொட்டடிச்சது எந்தப் பக்கம்னு பாத்துக்கோ.

இதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்திருக்குது, உங்கம்மா பொறக்காத காலம். 'ஈ.டி.'ன்னு ஸ்பீல்பெர்க் படம் 1982-ல ஓடு ஓடுன்னு ஓடுச்சு. அடாரிக்காரன் அதைக் கேமாப் போடற உரிமைக்கு ரெண்டு கோடி டாலருக்கு மேல கொட்டுனான்னு பேச்சு. பேரம் முடிஞ்சப்ப ஜூலை மாசக் கடைசி. கிறிஸ்துமசுக்குக் கடையில இருக்கோணும்னா செப்டம்பர் பொறக்கறப்ப கேம் தயாராகோணும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவ்ங்கற பையன் தலையில கட்டுனாங்க. அஞ்சு வாரம். ஒத்தை ஆளு. முடிச்சுக் குடுத்துட்டான், அவனை நான் குத்தம் சொல்லமாட்டன். அஞ்சு வாரத்துல பீர்க்கங்காய்கூடக் காய்க்காது.

ஆனா அந்தக் கேம் இருக்குது பாரு, அந்த ஈ.டி. நடந்து போவான், குழிக்குள்ள விழுவான். கழுத்தை நீட்டி நீட்டி மேல வருவான். வந்து சித்தெ நகந்தா மறுபடி குழி. வாங்குன கொழந்தைக குழியில விழுந்து விழுந்து அழுதுருக்குதுக. விக்காத டப்பாவையெல்லாம் 1983-ல நியூ மெக்சிகோவுல அலமகோர்டோங்கற ஊரு குப்பைமேட்டுல குழி வெட்டிப் பொதைச்சு மேல காங்கிரீட்டும் ஊத்துனான். குழியில விழற கேமைக் குழியிலயே போட்டது ஒரு வகையில நாயந்தான்னு வெச்சுக்கோ.

கதை அங்கயும் முடியலை. 2014-ல ஒரு கூட்டம் மண்ணள்ளற எந்திரத்தோட போயி அதைத் தோண்டுனாங்க. 1,300 டப்பா மாதிரி வெளிய எடுத்து, ஊர் நகராட்சியே ஏலம் உட்டுச்சு. கடையில சும்மாக் குடுத்தாலும் வேண்டாம்னு போனவன், நசுங்கிக் குப்பை நாத்தம் அடிக்கற டப்பாவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல ஏலம் கேட்டான். ஒண்ணை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் எடுத்துட்டுப் போயிருச்சு. வார்ஷாவ் என்ன ஆனான்னு கேக்கறியா? மனநோவுக்கு ஆறுதல் சொல்ற வைத்தியன் ஆயிட்டான். அவனுக்குத் தெரியாத மனநோவா.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 2020 செப்டம்பர்ல பப்ஜியைத் தடை பண்ணுனாங்க, நீ சோறு திங்காமக் கெடந்த. ரெண்டே நாள்ல அக்ஷய் குமார் 'ஃபௌஜி'ன்னு ஒரு போஸ்டரைப் போட்டு, நம்ம நாட்டுக் கேம் வருதுன்னாரு. பெங்களூர்க் கம்பெனி. பப்ஜிக்குப் பதிலுன்னு அவங்க ஒரு தடவை சொல்றதுக்குள்ள நீங்க நூறு தடவை சொல்லிட்டீங்க. 2021 குடியரசு நாளன்னைக்கு வந்துச்சு. தொறந்து பாத்தா துப்பாக்கியே இல்லை, கல்வான் பள்ளத்தாக்குல கைகலப்பு மட்டும். வந்த ஒரு வாரத்துல நட்சத்திரம் மடமடன்னு எறங்குச்சு. அதுக்கு நட்சத்திரம் குத்துனதுல உன்ற கையும் உண்டு, எனக்குத் தெரியும். ஒண்ணு சொல்லோணும், அந்தக் கேம் தன்னால மட்டும் கெட்டதில்லை. இன்னொருத்தனை நெனைச்சுக்கிட்டு இவனைப் பாத்தா எவன் தேறுவான்? அஞ்சு மாசம் கழிச்சு பப்ஜியே பேரை மாத்திக்கிட்டு வந்துருச்சு, நீயும் பழைய கோவத்தையெல்லாம் மறந்துட்ட.

இதுவாச்சும் பரவால்லை. 2024 ஆகஸ்டுல சோனிக்காரன் 'கான்கார்ட்'னு ஒண்ணை உட்டான். வருசக்கணக்காப் பண்ணுனது. ரெண்டு வாரத்துல கடையைச் சாத்தி எல்லாருக்கும் காசைத் திருப்பிக் குடுத்துட்டான். எங்க மாரியாத்தா நோம்பி அதைக்காட்டி எச்சா நாள் நடக்கும்.

சரி, கெட்டதையே சொல்றானேன்னு மூஞ்சியைத் தூக்காத. உழுந்து எந்திரிச்சவனும் இருக்கறான். இங்கிலாந்துல கில்டுஃபோர்டுன்னு ஊரு, ஷான் மர்ரேன்னு ஆளு. வெரல் உட்டு எண்ணற அளவு ஆளுகளை வெச்சுக்கிட்டு 'நோ மேன்ஸ் ஸ்கை'ன்னு ஒரு ஆகாயத்தையே பண்றன்னான். 2013 கிறிஸ்துமசுக்கு மொத நாள் ஆபீசுக்குள்ள வெள்ளம் பூந்துருச்சு, அப்பவும் உடலை. எத்தனை கிரகம்னு கேட்டா 18-க்குப் பின்னால 18 சுழியம் போட்டுக்கோன்னான். ஒவ்வொண்ணையும் கையால வரையலை, கணக்கு போட்டுக் கம்பியூட்டரே உண்டாக்குது. டிவியில கூப்பிட்டு உக்கார வெச்சு வாயைப் பொளந்து கேட்டாங்க. கேள்வி கேக்கறவன் எதைக் கேட்டாலும் இவனும் தலையை ஆட்டிட்டான். கூட ஆளோட சேந்து ஆடலாமா? வாய்ப்பு ரொம்பக் கம்மி, ஆனா பாக்கலாம்.

2016 ஆகஸ்டுல வந்துச்சு. வந்த கையோட ரெண்டு பேரு, அத்தனை கோடி கிரகத்துல, ஒரே கிரகத்துல ஒரே எடத்துக்குப் போயி நின்னாங்க. இவன் கண்ணுக்கு அவன் தெரியலை, அவன் கண்ணுக்கு இவன் தெரியலை. வாங்குனவனெல்லாம் காசைத் திருப்பிக் குடுன்னு மல்லுக்கு நின்னான். மர்ரே என்ன பண்ணுனான்னு நெனைக்கற? அறிக்கை உடலை, அழுகலை, வெளக்கமும் சொல்லலை. வாயைத் தச்சுக்கிட்டான். நவம்பர்ல மொத திருத்தம் வந்துச்சு, காசு கேக்காம. அப்பறம் ஒண்ணு, அப்பறம் ஒண்ணு. 2018-ல ஆளும் ஆளும் பாத்துக்கறது வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் உட்டுக்கிட்டே இருக்கறான், காசு வாங்கறதில்லை. அவன் பேசுனப்பப் பாதிக்குப் பாதி காத்து. பேச்சை நிறுத்துனதுக்கு அப்பறம்தான் அவன் சொன்ன ஆகாயம் வந்து சேந்துச்சு. இந்த ஆளு மேல எனக்கொரு மருவாதி உண்டு. போலந்துக்காரன் மேல அந்தளவுக்கு இல்லை. அவனும் 'சைபர்பங்க் 2077'-ஐ 2020 டிசம்பர்ல ஓட்டை ஒடசலோட உட்டு, மூணு வருசத்துல நல்லாப் பண்ணிட்டான்தான். ஆனா பழைய பிளேஸ்டேஷன்ல அது நொண்டுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே, விமர்சனம் எழுதறவனுக்குக் கம்பியூட்டர்ல ஓடறதை மட்டும் குடுத்தான். சோனி எட்டே நாள்ல கடையில இருந்து தூக்கி வெளிய போட்டுச்சு. நொண்டறது தப்பில்லை, நொண்டற காலை மறைச்சதுதான் தப்பு.

ஜப்பான்காரன் பண்ணுனது இன்னும் ரசமான வேலை. 'ஃபைனல் ஃபேண்டசி'ன்னா அங்க குலசாமி மாதிரி. 2010-ல 14-ம் பாகத்தை உட்டான், படுத்துருச்சு. மாசச் சந்தா வாங்கக்கூட வெக்கமாகி நிறுத்தி வெச்சுட்டான். யோஷிடாங்கற ஆளைக் கூப்பிட்டு என்னாச்சுன்னு பாருன்னாங்க. அவன் பிரிச்சுப் பாத்தா, ஓரத்துல சும்மா வெச்சிருந்த பூந்தொட்டிக்கு, ஆடற ஆளுக்குச் செஞ்ச அளவுக்கே நுணுக்கமா வேலை செஞ்சு வெச்சிருக்கறானுக. ஒரு தொட்டியைக் காட்டறதுக்கும் ஒரு வீரனைக் காட்டறதுக்கும் கம்பியூட்டர் ஒரே பாடு படுது. இருவது பேரு ஒரு எடத்துல கூடுனா எப்படி ஓடும்? இதைத் தேத்த முடியாது, புதுசாக் கட்டோணும்னான் யோஷிடா. பழைய உலகத்தை என்ன பண்றது? கதைக்குள்ளயே ஆகாயத்துல ஒரு நெலாவைத் தொங்க உட்டு, மாசாமாசம் அதைக் கிட்டக் கொண்டுவந்து, 2012 நவம்பர்ல ஆடறவங்க கண்ணு முன்னாடியே அதை ஒடைச்சு உலகத்தையே எரிச்சு முடிச்சான். மறு வருசம் ஆகஸ்டுல புது உலகம். அதுதான் இப்ப அந்தக் கம்பெனிக்குச் சோறு போடற கேமுல ஒண்ணு. தப்பை ஒத்துக்கறவன் உண்டு. தப்பையே திருவிழா பண்ணிக் கொளுத்துனவனை இப்பத்தான் பாக்கறன்.

இத்தனையும் சொல்லி நீ அச்சாரம் குடுக்காதேன்னு சொல்வன்னு நெனைச்சியா? அந்தப் பாவத்தை நான் பண்ணமாட்டன். நீ கட்டாயம் கட்டோணும். உன்ற கூட்டாளிகளையும் கட்டச் சொல்லு. நீங்க மொத நாள் உள்ள போயி, எங்கெங்க ஓட்டைன்னு கண்டுபுடிச்சு, கண்ட எடத்துல கத்திக் கூப்பாடு போடோணும். அந்தக் காசுல அவன் ஓட்டையை அடைக்கோணும். ரெண்டு வருசத்துல பாதி வெலைக்குப் போடுவான். அப்ப நான் வாங்கிக்கறன். செவப்புச் சட்டை எனக்கு வேண்டாம்.

எதிர்பாக்காம வந்து ஜெயிச்சதையெல்லாம் எண்ணிப் பாரு, ஒண்ணுக்காச்சும் ஆராச்சும் முன்பணம் கட்டுனானா? 'கோல்டன் ஐ' படம் 1995-ல வந்து போயி, ரெண்டு வருசம் கழிச்சு அதோட கேம் வந்துச்சு. படத்தை வெச்சுப் பண்ணுன கேமு, அதுவும் ஆறிப்போன படம், என்னத்தைத் தேறும்னாங்க. கடைசி நேரத்துல சேத்த நாலு பேரு ஆட்டத்துக்காகவே எண்பது லட்சம் வித்துச்சு. 'அமாங் அஸ்' 2018-ல மூணு பேரு பண்ணிப் போட்டு, சீந்த ஆளில்லாமக் கெடந்துச்சு. கொரோனாவுல எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சப்ப உலகமே ஆடுச்சு. அவனுக ரெண்டாம் பாகம் பண்றமுன்னு சொல்லிப்போட்டு, அப்பறம் அதை உட்டுட்டு மொதப் பாகத்தையே சரி பண்ண உக்காந்தானுக. புத்தி உள்ளவனுக. கனடாவுல இருந்து 2023-ல 'வெண்பா' வந்துச்சே, நம்ம தமிழ்க் குடும்பம், அம்மா பையன், கிழிஞ்சுபோன சமையல் நோட்டு. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுரும். மறு வருசம் இங்கிலாந்துல பாஃப்டா விருது குடுத்தாங்க. இட்லித் தட்டை எப்படி அடுக்கறதுங்கறதை ஒரு புதிரா வெச்சிருக்கறான்னு உங்கமுச்சிகிட்டச் சொன்னன். இதுல என்ன புதிரு இருக்குதுன்னு கேட்டா. நீ ஆடி ரெண்டு தடவை தோத்தியே, அதைச் சொல்லலை நான்.

என்னைக் கேட்டா, எல்லாத்துக்கும் மேல 'ஸ்டார்டியூ வேலி'தான். சியாட்டில் ஊர்ல எரிக் பரோன்னு ஒரு பையன். கம்பியூட்டர் படிச்சுப்போட்டு வேலை கெடைக்கலை. கை பழகறதுக்குன்னு ஒரு கேமை ஆரம்பிச்சவன், படம், பாட்டு, எழுத்து அத்தனையும் ஒத்தைக் கையா நாலரை வருசம் பண்ணுனான். சாயங்காலம் ஒரு நாடகக் கொட்டாயில டிக்கெட்டைப் பாத்து எடம் காட்டி உடற வேலை. 2016 பிப்ரவரியில வெளிய உட்டான். 2024 முடியறப்ப 4 கோடிப் பிரதிக்கு மேல போயிருச்சு. ஒரு பெரிய ஊரு சனத்தொகையைப் பத்து தடவை வெச்சுக்கோ. இத்தனைக்கும் அதுல சண்டைக்கு வர்ற ஆளு கம்மி. கெழங்கு வெதைக்கற கேமு.

நாலு நாள்ல கெழங்கு வெளையுது சாமி. வித்துகூட ஊர்த்தலைவர் சும்மாக் குடுக்கறாரு, பதினஞ்சு. வெளைஞ்சதை வாசல்ல இருக்கற பொட்டியில போட்டுட்டுத் தூங்குனா, வெடியறப்ப காசு கையில. கமிசன் மண்டிக்காரன் இல்லை, எடை போடறப்ப தட்டுல கை வெக்கறவன் இல்லை, வட்டிக்காரன் இல்லை. மழை வந்தா ஊத்தற வேலை மிச்சம், அழுகலும் இல்லை. கேமுலயாச்சும் ஒருத்தன் வெவசாயம் பண்ணிப் பொழைக்கட்டுமேன்னு அந்தப் பையன் நெனைச்சிருக்கறான். ஆனா காக்கா மட்டும் நெசம். சோளக்கொல்லைப் பொம்மை நட மறந்தன், நாலு கெழங்கு போயிருச்சு. மாடும் நெசந்தான். நெதமும் போயித் தடவிக் குடுத்தாத்தான் மனசு வெச்சுப் பெரிய பாலாக் கறக்குது. அதைப் பண்ணுனவன் கட்டுத்தரையில நின்னு பழகுனவனா இருக்கோணும்னு நெனைச்சன், இல்லையாமா.

கதை எப்படி ஆரம்பிக்குதுன்னு கவனிச்சியா? தாத்தன் சாகக் கெடக்கறான். பேரனுக்கு ஒரு லெட்டர் குடுத்துட்டுப் போறான், அதுல காடு இருக்குது. மூணாவது வருசம் பொறக்கறப்ப ஆவியா வந்து, குடுத்த காட்டை என்னடா பண்ணி வெச்சிருக்கறன்னு பாத்து மார்க் போடறான். மார்க் கொறைஞ்சா ஒரு வைரத்தை வெச்சா மறுபடி வந்து திருத்திப் பாப்பானாமா. நான் அந்தளவுக்கு வெலை கேக்கமாட்டன், வெத்தலை பாக்குக்கே வந்துருவன். நாலு ஏக்கரா உன்ற பேருல எழுதி வெச்சிருக்கறன். அதுல நீ பிளாட் போட்டு, வெளிய வராத கேமுக்கு அச்சாரம் குடுத்தா நான் எங்கிருந்து மார்க் போடறது?

சரி, எந்திரி. அந்தப் போனை இக்கட்டால குடு. பொழுது மேல போயிருச்சு, என்ற மாட்டை இன்னும் தடவலை. சார்ஜ் எத்தனை இருக்குது பாரு.